பல் பட்ட ரோல்

அம்பர்நாத்
12-2-2023

அப்பாவுக்கு ரஞ்சனா எழுதுவது.

நானும் ஷாலினியும் சுகம். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்பது முறை, கேட்கிறேன். போன வாரம் கல்யாண் ஸ்டேஷனில் உங்கள் சிநேகிதர் மாதுங்கா வேங்கடசுப்ரமணியன் மாமாவைப் பார்த்தேன். உங்களுக்குக் காது அறவே மந்தமாகிவிட்டது, போனில் பேசினால் ஒன்றும் கேட்காது, கடிதம் போட்டால் வாசித்துக் காட்டுகிறேன் என்றார். அதனால் அவர் விலாசத்துக்கே எழுதுகிறேன். தாராவி வீட்டுக்குப் போட்டால் முதலில் பிரிக்கிறவன் அண்ணன்.

இருபத்துமூன்று வருஷம் கழித்து எழுதுவது எனக்காக இல்லை. ஷாலினி அவள் அப்பாவின் கேமராவைத் தூசி தட்டி எடுத்திருக்கிறாள். தேதி கடந்த பிலிமைத் தேடித் தேடி வாங்கிப் போடுகிறாள். கெட்டுப்போன பிலிமில்தான் படத்துக்கு ஒரு அழகு வருகிறதாம். வாங்குவதில் பாதி வெறும் கறுப்பாக வருகிறது. ஸ்டூடியோவை மூடியபோது மிச்ச பிலிமையெல்லாம் நீங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். இருந்தால் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.

அவள் அப்பா சாகும்போது அவள் என் வயிற்றில் ஏழு மாசம். இசக்கிமுத்துவைக் குத்தியது யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. பிலிம்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ரஞ்சனா


மாதுங்கா
26-2-2023

மகள் ரஞ்சனாவுக்கு அப்பா ஜம்பு சொல்லி எழுதுவது.

இங்கு நான் கண்ணும் காலும் சுகமாக இருக்கிறேன், காது மட்டும் இல்லை. நீயும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டியது. உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பிலிம் இருக்கிறது. மேல்தட்டில் உன் அண்ணன் ஜெயராம் பீர் பாட்டில் வைப்பான், கீழ்த்தட்டு என்னுடையது. டப்பாவில் அச்சடித்த தேதி எனக்கு வாசிக்க வராது. வாங்கிய நாள் எனக்குத் தெரியும். பச்சைப் பெட்டி, பெருவெள்ளம் வந்து சயான் ரோட்டில் எருமை மிதந்த வருஷம். மஞ்சள் பெட்டி, முதலாளி பத்ரிநாராயணன் பைபாஸ் செய்துகொண்ட மாசம். பெட்டி இல்லாத கறுப்பு வெள்ளை இரண்டு, அதற்கும் முந்தியவை.

பேத்தியிடம் சொல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது, பிலிம் வேர்த்துவிடும். மூன்று மணி நேரம் வெளியே வைத்துச் சூடு ஆறுகிற மாதிரிக் குளிர் ஆற வேண்டும். பிலிமுக்கு வயசாக ஆகக் கண் மங்கும். பத்து வயசுக்கு ஒரு படி வெளிச்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். கலர் இன்னும் அதிகம் கேட்கும். கறுப்பு வெள்ளைக்கு உயிர் கெட்டி, லேசில் சாகாது.

பதினோரு ரோல் கொடுத்தனுப்புகிறேன். நான் கேட்கவேண்டியது வேறு ஒன்றும் இல்லை.

அப்பா

(ரஞ்சனாவுக்கு வேங்கடசுப்ரமணியன் எழுதுவது. பையை நானே அம்பர்நாத் ஸ்டேஷனுக்குக் கொண்டு வருகிறேன், ஷாலினியை வரச்சொல். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தை அவர் காதில் கத்தி வாசித்தேன். பேல்பூரிக்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டு உங்கள் குடும்பக் கதையைக் கேட்கிறான். அடுத்த தடவை ரயில்வே பாலத்தடிக்குப் போய்விடுகிறோம்.)


அம்பர்நாத்
19-3-2023

அப்பாவுக்கு ரஞ்சனா எழுதுவது.

இருவரும் நலம். பை வந்து சேர்ந்தது. தயிருக்கும் பச்சை மிளகாய்க்கும் நடுவில் பிலிமை அடுக்கிவிட்டு, ஃபிரிட்ஜை நான் திறந்தாலே ஷாலினி சண்டைக்கு வருகிறாள். பச்சைப் பெட்டி ரோலில் படமெல்லாம் மணல் தூவினாற்போல வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். கறுப்பு வெள்ளையில் ஒன்றை நேற்று கேமராவில் போட்டுவிட்டாள்.

பையைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது. ஹைப்போ. நீங்கள் படம் கழுவுகிற மருந்து. அதனால்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

தீபாவளி கழிந்து இரண்டாவது செவ்வாய். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பவுடர் பூசி, "சாயங்காலம் வந்து ஒரு நல்ல சேதி சொல்லுதேன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். வடாலா தண்டவாளத்துப் பக்கம் கிடந்தார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். வயிற்றில் ஐந்து, நெஞ்சில் இரண்டு. குனிந்து பார்த்தேன். ரத்த வாடைக்கு அடியில், சட்டைக் காலரில், இந்த ஹைப்போ வாசனை. யாரிடமும் நான் சொல்லவில்லை.

அன்று ஸ்டூடியோ லீவு, பாக்கி வேலைக்காகச் சாவி வாங்கிக்கொண்டு போனேன், இருட்டறையில் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தேன், யாரும் வரவில்லை என்று போலீசிடம் சொன்னீர்கள். வேறு ஜாதிக்காரனைக் கட்டியதற்காக என்னோடு பேசாமல் இருந்த நீங்கள் அன்று அவரைக் கூப்பிட்டீர்களா? அவர் அங்கே வந்தாரா, இல்லையா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ரஞ்சனா


மாதுங்கா
2-4-2023

மகள் ரஞ்சனாவுக்கு அப்பா ஜம்பு சொல்லி எழுதுவது.

நான் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும்.

நீ கேட்டதை பாலத்தடியில் இரண்டு தடவை கேட்டேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை. அந்தச் செவ்வாயன்று அகிலாண்டம், உன் அம்மா, எனக்குக் கட்டிக் கொடுத்தது எலுமிச்சைச் சோறு. தாராவியிலிருந்து போன பஸ்ஸில் கண்டக்டருக்குக் கண்ணில் கட்டி. ஸ்டூடியோ பூட்டுக்குள் யாரோ தீக்குச்சியை ஒடித்து வைத்திருந்தார்கள், ஊசியால் எடுத்தேன். பதினோரு மணிக்கு இருட்டறைக் கதவைச் சாத்தினேன். உள்ளே போனவனுக்கு வெளியே நடப்பது தெரியாது.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். அனுப்பிய ரோலில் ஒன்று தப்பாக வந்துவிட்டது. படம் எடுத்து முடித்த ரோலின் டப்பியில் மற்றவர்கள் பேனாவால் எழுதுவார்கள். எனக்கு எழுத வராது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிலிம் நாக்கின் நுனியை முன்பல்லால் கடித்து வைப்பேன். நாக்கை உள்ளே இழுத்துவிட்டால் பிறகு டப்பியை உடைத்துத்தான் திறக்க வேண்டும், அதனால் எல்லா ரோலுக்கும் வெளியே விட்டுவைப்பது என் வழக்கம். பார்க்கிறவர்களுக்குப் புதுசு போலத்தான் தெரியும். பல் பட்ட ரோல் எடுத்து முடிந்த ரோல்.

பெட்டியில்லாத இரண்டில் ஒன்றின் நாக்கில் என் பல் தடம் இருக்கும். அதைப் பேத்தி கேமராவில் போடக் கூடாது. கழுவவும் கூடாது. எவனோ கஸ்டமர் விட்டுப்போனது. வெயிலில் உருவிப் போட்டுவிடு. வயசாகிவிட்டது, கை தவறிவிட்டது.

அப்பா

(ரஞ்சனா, பதினோரு மணி என்று சொன்னவர் எழுந்து போய் மூன்று ரயிலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் நேராக ரோல் விஷயத்துக்கு வந்துவிட்டார். அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். - வே.)


மாதுங்கா
7-5-2023

மகள் ரஞ்சனாவுக்கு அப்பா ஜம்பு சொல்லி எழுதுவது.

உன்னிடமிருந்து பதில் இல்லை. பேத்திக்குக் காய்ச்சல் ஏதும் உண்டா? ஒவ்வொரு ஞாயிறும் இவர் வீட்டு வாசலுக்கு வந்து தபால் கேட்கிறேன். அந்த ரோலை உருவிப் போட்டாயா? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

ஜெயராம் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டான். "டப்பியில பாதி எங்க வே போச்சு? வித்துத் தின்னுட்டீரா?" என்று கேட்டான். பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டேன் என்றேன். அவன் குடித்திருந்தான், நம்பிவிட்டான்.

அப்பா


அம்பர்நாத்
11-6-2023

அப்பாவுக்கு ரஞ்சனா எழுதுவது.

எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் எச்சரிக்கை எழுதிய அன்றே அந்த ரோலை ஷாலினி எடுத்து முடித்துவிட்டாள். நாக்கு நுனியில் பள்ளம் இருந்ததாம், எலி கடித்தது என்று நினைத்தாளாம். உங்கள் கடிதம் வந்த பிறகு, நான் சொல்லித்தான் அதைக் கழுவினாள். சமையலறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, நானும் கூட நின்றேன்.

பழைய படம் மொத்தம் நான்கு. அதற்கு மேலேயே அவள் எடுத்த முதல் நான்கும் விழுந்திருக்கின்றன. முதல் மூன்றில் ஒன்றும் துலங்கவில்லை. நான்காவது, அவள் என்னை எங்கள் வீட்டு வாசலில் நிற்கவைத்து எடுத்தது. வாசலின் இடது ஓரத்தில் நான் நிற்கிறேன், என் மேல் நல்ல வெயில். வலது பக்கம் வீட்டுக்குள்ளே இருட்டு. வெயில் பட்ட இடத்தில் பழைய படம் அழிந்துவிட்டது. இருட்டில் அப்படியே இருக்கிறது.

என் வீட்டு இருட்டுக்குள் அவர் நிற்கிறார் அப்பா. இஸ்திரி போட்ட அதே சட்டை. பின்னால் உங்கள் ஸ்டூடியோ படுதா, அன்னப்பறவை நீந்துகிற ஏரி. அவர் சிரிக்கிறார். படத்தின் வலது ஓரத்தில் அண்ணன் ஜெயராம். அண்ணன் கையிலிருக்கும் கத்தி பாதிதான் தெரிகிறது, மீதிப் பாதி அவர் வயிற்றுக்குள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் தோளைப் பற்றியிருக்கின்றன. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. பேப்பர் கட்டரில் அந்த விரல் போன அன்று உங்களுக்குச் சோறு ஊட்டியவள் நான். அந்தக் கைகளுக்கு உரிய முகம் வெயில் பக்கம் போய்விட்டது. அது இருக்கவேண்டிய இடத்தில் என் முகம் இருக்கிறது.

ஷாலினி அவள் அப்பா சிரிப்பதை முதல்முதலாகப் பார்க்கிறாள். யார்ம்மா இவங்க என்று கேட்டாள். சொன்னேன்.

அவர் வந்தாரா என்று இனி கேட்க மாட்டேன். பிடித்தீர்களா, இழுத்துத் தடுத்தீர்களா? படத்தைப் பார்த்தால் இரண்டும் போல இருக்கிறது. நூறு தடவை பார்த்துவிட்டேன்.

ஒரு பிரதி இத்துடன். இன்னொன்றை அண்ணன் பெயருக்குத் தாராவி விலாசத்துக்கே அனுப்பப்போகிறேன்.

ரஞ்சனா


மாதுங்கா
25-6-2023

ரஞ்சனாவுக்கு வேங்கடசுப்ரமணியன் எழுதுவது. நான் க்ஷேமம். உன் அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

18ஆம் தேதி உன் கடிதத்தை வாசித்தேன். படத்தை வாங்கிப் பார்த்தார், விரலால் தடவினார். "இன்னைக்கு எழுத வேண்டாம் சாமி" என்று எழுந்து போய்விட்டார். வியாழக்கிழமை தாராவிக்கு உன் கவர் வந்திருக்கிறது. நடந்ததைப் பக்கத்து வீட்டு நூர் நிஷா சொன்னபடி எழுதுகிறேன். வாசலில் வடை போட்டு விற்கிறவள், அவள் கண்ணெதிரே நடந்தது.

ஜெயராம் கவரைப் பிரித்துப் படத்தைப் பார்த்தானாம். பிறகு அப்பாவின் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தான்.

"அன்னைக்கே எரிச்சிட்டேன்னு சொன்னீரே வே! எம் பிள்ள மேல சத்தியம் பண்ணினீரே!"

"கழுவாத ரோலை எரிக்க எனக்குக் கை வரலலே" என்றாராம் இவர்.

"கை வரலயா? எந்தக் கை? இந்தக் கையா?" என்று தான் ஓட்டுகிற டெம்போவின் ஜாக்கி ராடால் வலது முன்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கடாய்ப் பக்கம் கேட்டது என்கிறாள். விழுந்தவரை விலாவில் மிதித்தான். உள்ளே போய் ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து சாக்கடையில் கவிழ்த்தான். மிச்ச ரோலையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி வெயிலில் எறிந்தான். சந்து முழுக்கக் கறுப்பு நாடா. திரும்ப ராடை ஓங்கியபோது நூர் நிஷா கொதிக்கிற எண்ணெய்க் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். "அவர் மேல இன்னொரு அடி விழுந்திச்சு, மூஞ்சில ஊத்திருவேன். கெழவன அடிக்கதுக்குத்தான் ஒடம்பு வளத்தியாடா நாயே?" ஊற்றவும் செய்தாள். அவன் தோளில் பட்டு, கத்திக்கொண்டு ஓடிப்போனான். மூன்று நாளாக ஆளைக் காணோம்.

அப்பாவுக்கு வலது கையில் மாவுக்கட்டு. இரண்டு விலா எலும்பு விட்டுப்போயிருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் என்ன என்று வார்டில் வைத்துக் கேட்க முடியவில்லை. கத்த வேண்டும், சுற்றிலும் நாற்பது பேர். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேங்கடசுப்ரமணியன்


அம்பர்நாத்
9-7-2023

அப்பாவுக்கு ரஞ்சனா எழுதுவது.

எலும்பு கூடி வருகிறது என்று மாமா சொன்னார். கேட்டுக்கொண்டேன். கவரை அனுப்பியது நான். அடிப்பான் என்று தெரிந்துதான் அனுப்பினேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

செவ்வாயன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். கஞ்சி கொண்டுவந்தேன். நான் கேட்டதற்குப் பதில் தெரியாமல் உங்கள் தலைமாட்டில் எப்படி நிற்பது? கஞ்சியை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

படத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் காட்டினேன். அதிகாரி ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "பாயி, ஏ தோ டபுள் ஹை, படத்து மேல் படம். கோர்ட்டில் வக்கீல் சிரிப்பான், ஒட்டு வேலை என்பான்" என்றார். நெகடிவைக் காட்டினேன். "அந்த இடத்தில் இருந்த ஆள் யாராவது வந்து சொன்னால் கேஸைத் திரும்ப எடுக்கலாம்" என்றார். அந்த இடத்தில் இருந்தது மூன்று பேர். ஒருவர் செத்துவிட்டார். ஒருவன் ஓடிவிட்டான்.

அவரும் நான் கேட்ட அதே சந்தேகத்தைத்தான் கேட்டார், அந்தக் கை பிடித்ததா தடுத்ததா என்று. தடுத்தேன் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பிவிடுவேன். நம்பவேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் பொய் என்றால் சொல்லாதீர்கள்.

ரஞ்சனா


மாதுங்கா
30-7-2023

மகள் ரஞ்சனாவுக்கு அப்பா ஜம்பு சொல்லி எழுதுவது.

இப்போது வேங்கடசுப்ரமணியன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன். உடம்பு கேட்டு நீ எழுதியதற்கு நான் தகுதி இல்லை. இவர் எழுத மாட்டேன் என்று இரண்டு தடவை பேனாவை மூடினார். நீர் எழுதாவிட்டால் நூர் நிஷாவிடம் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன் என்றேன். எழுதுகிறார்.

நான்தான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற பையன், நம் ஸ்டூடியோவுக்கு ரோல் கழுவ வந்துதானே உன்னைப் பார்த்தான். நடந்தது நடந்துபோச்சு, செவ்வாய்க்கிழமை வா, உன் மச்சானோடு கைகுலுக்கு, மூன்று பேரும் ஒரு படம் எடுத்துக்கொள்வோம், அதை ரஞ்சனாவிடம் கொண்டுபோய்க் காட்டு என்று சொல்லியனுப்பினேன். பவுடர் பூசிக்கொண்டு வந்தான்.

அவனே விளக்கைத் திருப்பினான், ஸ்டூடியோ கேமராவை ஸ்டாண்டில் மாட்டினான். வெளிச்சம் சரிதானா என்று மூன்று படம் எடுத்துப் பார்த்தான். கேமரா தானாக எடுக்கிற அந்தக் குமிழைத் திருப்பிவிட்டு ஓடிவந்து நடுவில் நின்றான். "பத்து செகண்டு மாமா, சிரிங்க" என்றான். கிர்ரென்று சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெயராம் "பிடியும்" என்றான். நான் பிடித்தேன்.

தடுக்கவில்லை. பயம் காட்டத்தான் கூப்பிடுகிறோம் என்று அவன் சொன்னான், அதை நம்பினேன் என்று உன்னிடம் சொல்லலாம். கத்தியைக் காலையிலேயே அவன் டெம்போ சீட்டுக்கு அடியில் பார்த்தேன். பிறகுதான் எலுமிச்சைச் சோற்றைத் தின்றேன்.

அவன் ஏன் சிரிக்கிறான் என்று நீ கேட்கவில்லை. என் கை தோளில் விழுந்ததும் சிரித்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவனைத் தொடாத மாமன் தொட்டுவிட்டான், சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தான். அப்போதுதான் முதல் குத்து, அப்போதுதான் கேமராவும் அடித்தது. மீதி ஆறு குத்து கேமராவில் இல்லை, எனக்குள் இருக்கிறது. மூன்றாவதில் "மாமா, விடுங்க" என்றான். ஐந்தாவதில் உன் பேரைச் சொன்னான். அவன் கனம் முழுக்க என் கைக்கு வந்த பிறகுதான் விட்டேன். ஏரிப் படுதாவை இறக்கி அதில் சுற்றினோம். இருட்டறைத் தொட்டியிலிருந்த ஹைப்போவை ஊற்றித் தரையைத் தேய்த்தேன், அந்தக் கையோடுதான் அவனைத் தூக்கினேன். அதுதான் உனக்கு வந்த வாசனை. டெம்போவில் வடாலாவுக்குக் கொண்டுபோனது பட்டப்பகலில். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோலைச் சுற்றி எடுத்து, பழக்கத்தில் நாக்கைக் கடித்தேன். பல்லில் ரத்தம் கரித்தது. கழுவினால் என் மகன் போவான். எரித்தால், நாற்பது வருஷத்தில் ஒருவன் முகத்தையும் கழுவாமல் எறிந்ததில்லை நான். ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிரில் இருந்தால் கெடாது என்று எனக்குத் தெரியும். கெட்டுப்போகட்டும் என்று ஒரு நாளும் வெளியே எடுத்து வைக்கவில்லை.

கை தவறிவிட்டது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். இருட்டறையில் ஆயிரம் ரோல் எடுத்தவன், ஒன்றுகூட மாறியது கிடையாது. பையில் போடும்போது பல் தடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துத்தான் போட்டேன். கை அனுப்பியது. பிறகு வாய்தான் பயந்துபோய், உருவிப் போடு என்றது.

நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அதிகாரியிடம் போகிறேன். இவர் கூட வருகிறார், எனக்குக் காது கேட்காதே, கேள்வியை யாராவது கத்திச் சொல்ல வேண்டும். எங்கே ஒளிந்திருப்பான் என்று என்னிடம் கேட்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுவேன். நீ வர வேண்டாம். கஞ்சி வேண்டாம். பேத்தியிடம் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

இதுவரை போட்ட கடிதத்துக்கெல்லாம் கைநாட்டு வைக்கவில்லை, அப்பா என்று இவரை எழுதச்சொல்லி விட்டுவிட்டேன். இதற்கு வைக்கிறேன். வலது கை கட்டில் இருக்கிறது. கீழே இருப்பது இடது கைப் பெருவிரல்.

படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். அந்தக் கைதான்.